பொய்ச்சாட்சி சூசை

சூசைமாணிக்கத்தை ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொய்ச்சாட்சி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். ஏதோ கோர்ட்டில் கூண்டேறிப் புளுகிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வெண்ணாற்றங்கரையில் இருக்கும் அவர்கள் ஊர் மாதா கோயிலில் வருஷா வருஷம் ஏசு பட்ட பாட்டைச் சொல்லும் பாஸ்கு நாடகம் நடக்கும். ஏசுவைப் பிடித்து வந்து விசாரிக்கும் காட்சியில், பெரிய குருவின் முன்னால் நின்று இல்லாததையும் பொல்லாததையும் சொல்லும் பொய்ச்சாட்சி வேஷம் சூசைக்கு. மீசை முளைத்த நாளிலிருந்து அந்த வேஷம் அவனை விட்டுப் போகவில்லை. நீளமான வசனம் கிடையாது. விரலை நீட்டி, "என் ரெண்டு காதாலும் கேட்டேன் ஐயா!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவ்வளவுதான். அவன் கத்துகிற கத்தலில் முன்வரிசைப் பெண்கள் "நாசமாப் போறவனே" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். நிஜத்தில் சூசை சந்தைக்குப் போனால் பேரம் பேசத் தெரியாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள்.

பட்டப்பெயரை வைத்தவன் காத்தான். பக்கத்துத் தெரு. கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் பாஸ்கு என்றால் முதல் ஆளாக வந்து சாக்கை விரித்து இடம் பிடித்துவிடுவான். சூசை மேடையில் விரலை நீட்டியதும் அவன் அடிக்கும் விசில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஒருமுறை நாடகம் முடிந்து வேஷம் கலைத்துக்கொண்டிருந்த சூசையிடம் வந்து உட்கார்ந்து, சந்தேகம் கேட்டான்.

"ஏன்டா, நீ அவ்வளவு புளுகுற. அந்த மனுஷன் ஒரு வார்த்தை 'இல்ல'ன்னு சொல்லக் கூடாதா? கம்முனு நிக்கிறாரே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சூசை தேங்காயெண்ணெயை முகத்தில் தேய்த்துக்கொண்டான்.

இருவருக்கும் ஒரே மில்லில் வேலை. நெல்லை அவித்து அரைக்கும் பெரிய மில். லாரியில் வருகிற நெல், எலிவேட்டரில் ஏறி, பனைமர உயரத்துக்கு நிற்கும் இரும்புத் தொட்டிக்குள் கொட்டும். அடியில் பெல்ட் ஓட ஓட நெல் இறங்கிக்கொண்டே இருக்கும். சீசன் தொடங்கினால் அந்த மோட்டார் நிற்கவே நிற்காது. அதன் உறுமலில்தான் ஊர் தூங்கும், அதிலேயே விழிக்கும். குறுவை நெல் மழையில் நனைந்து வந்தால் தொட்டிக்குள் கட்டிக்கொண்டு சுவராக நின்றுவிடும். அப்போது ஒருவன் மேல்வழியாக உள்ளே இறங்கி மூங்கில் கழியால் குத்திவிட வேண்டும்.

இறங்குவதற்கு முன் மோட்டாரை நிறுத்த வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்பது முறை. மோட்டாரை நிறுத்தினால் பெல்ட்டில் நெல் அடைத்துக்கொண்டு, திரும்ப ஓட்டுவதற்குள் அரைநாள் போய்விடும் என்று யாரும் நிறுத்துவதில்லை. கயிற்றின் கதை இன்னும் கேவலம். எவனாவது அதை எடுத்தால், "என்னடா, தாலி கட்டிக்கப் போறியா?" என்று மொத்த மில்லும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே கயிறு வருஷக்கணக்கில் ஆணியில் தொங்கியது. சூசையும் சிரித்திருக்கிறான். சூசையும் கயிறில்லாமல் இறங்கியிருக்கிறான். கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

காத்தான் குடிகாரனாக இருந்தவன். கொஞ்சநஞ்சமல்ல, கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய், தவழ்ந்து வீடு சேருகிற குடி. மனைவி ஈஸ்வரி அடி வாங்கினாள், அழுதாள், தாய்வீட்டுக்குப் போனாள், வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் பஸ் நிறுத்தத்தில் வேட்டி அவிழ விழுந்து கிடந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய மகன் பரிதி, கூட வந்த சிநேகிதர்களுக்கு முன்னால், யாரோ எவரோ என்பதுபோல் அப்பனைத் தாண்டிப் போனான். அந்த மாதமே பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். காத்தான் அரை மயக்கத்தில் மகனின் செருப்பைப் பார்த்திருக்கிறான். அதோடு குடியை நிறுத்தினான். கைநடுக்கம், காய்ச்சல், வாந்தி என்று செத்துப் பிழைத்துத்தான் நிறுத்தினான்.

நிறுத்தியதை நம்ப யாரும் தயாராக இல்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். சாயங்காலம் வாசலில் ஏறியதும் ஈஸ்வரி முகத்துக்கு நேராக 'ப்பூ' என்று ஊதிக் காட்டுவான். அவள் முதலில் திட்டினாள், பிறகு சிரித்தாள், பிறகு அவன் தலை தெரிந்ததும் வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். காலையில் மில்லில் அதே ஊதல் சூசைக்கு.

"மோந்து பாத்துக்க. எம் மவன் தீபாவளிக்கு வருவான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீதான்டா எனக்குச் சாட்சி."

"பொய்ச்சாட்சியவா கூப்பிடுற?" என்பான் சூசை.

"ஒரு தடவயாச்சும் நெசம் சொல்லித் தொலடா."

இரண்டு வருஷமாக அந்தப் பேச்சு மாறவில்லை.

போன ஐப்பசியில் அடைமழை. ஈர நெல்லாக வந்து குவிந்தது. அன்று காலையும் காத்தான் ஊதிக் காட்டினான். பல்பொடி வாசனைதான் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் தொட்டிக்குள் நெல் கட்டிக்கொண்டது. காத்தான் கழியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். மேலே வாயருகில் நின்று பார்த்துக்கொள்ளும் முறை அன்று சூசைக்கு. கீழே சுவிட்ச் பக்கத்தில் ரெஜின் நின்றான். ரெஜின் அதே கோயில்காரன், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, மனைவி முழுகாமல் இருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு ஆணியில் தொங்கியது.

காத்தான் இரண்டு குத்துத்தான் குத்தினான். சுவராக நின்ற நெல் மொத்தமாகச் சரிந்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று கண்ணெதிரே நெல் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. சூசை கத்தினான். மேடையில் தொண்டை கிழியக் கத்தும் அந்தக் குரல் மோட்டார் சத்தத்தில் ரெஜினின் காதில் விழவில்லை. ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்து, அவனே ஓடிப்போய்ச் சுவிட்சை அடித்தான். தகரத்தை வெட்டி நெல்லைக் கொட்டிக் காத்தானை வெளியே எடுத்தபோது வாய், மூக்கு எல்லாம் நெல்.

அழுது முடிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. உடம்பு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, சூப்ரவைசர் அமிர்தலிங்கம் எல்லோரையும் கொதிகலன் கொட்டகைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக் கல்யாணம், சாவு எதுவென்றாலும் முதலில் வந்து நிற்பவர். கண் சிவக்க அழுதிருந்தார். அதனால்தான் அவர் சொன்னது எல்லோருக்கும் சுலபமாக உள்ளே இறங்கியது.

"போனவன் வரப்போறதில்ல. இன்ஸ்பெக்டர் வந்து மோட்டார் ஓடுச்சுன்னு எழுதினா மில்லுக்குச் சீல். முதல்ல உள்ள போறது ரெஜின். எல்லாரும் ஒரே வார்த்தையா சொல்லுங்க. காத்தான் தண்ணியப் போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம ஏறிட்டான். வாடை அடிச்சுது. அவன் குடிக்கிறவன்னு ஊருக்கே தெரியும். பரிதிக்கு வேலை போட்டுக் கொடுக்க முதலாளி ஒத்துக்கிட்டாரு."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தலையாட்டாதவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், பிறகு ஆட்டினான். குடித்திருந்தானா என்கிற டாக்டர் சோதனை முடிவு வர மாதக்கணக்காகும். ஊர் வாய்க்கு அவ்வளவு பொறுமை ஏது?

"அன்னிக்கு அவன் குடிக்கல சார்" என்றான் சூசை.

"யாரு குடிச்சான்னு சொன்னா? வாடை அடிச்சுதுன்னு சொல்லச் சொல்றேன்."

"எம் மூஞ்சியிலதான் சார் ஊதினான்."

கொட்டகை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. கயிறு எடுத்தவனைப் பார்க்கும் அதே பார்வைதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ரெஜின் அவனை வைக்கோல் போர் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, எம் பொண்டாட்டி முகத்தைப் பாருங்க. ஒரே ஒரு பொய். சனிக்கிழமை சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா முடிஞ்சுது. நானும் வரேன், சேந்தே போவோம்."

"செய்யப் போற பாவத்துக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்து வைக்கிறியாடா" என்று சூசை கேட்டான். கேட்டதும் மனது வலித்தது. அந்தப் பையன் பயந்துபோயிருந்தான்.

காத்தானைப் புதைத்த மறுநாள் விளக்கு வைக்கும் நேரம். ஈஸ்வரி சூசையின் வீட்டுக்கு வந்தாள். அவன் மனைவி அருள்செல்வி பாய் விரித்தும் அவள் உட்காரவில்லை. தலை கலைந்து, கண் வற்றி நின்றாள்.

"அண்ணே, நீங்களும் அதையே சொல்லிடுங்க."

சூசைக்கு முதலில் விளங்கவில்லை. "எதை?"

"குடிச்சிருந்தாருன்னு."

"ஈஸ்வரி! உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாம யாருக்குண்ணே தெரியும்? முந்தின நாள் சாயங்காலமும் ஊதிக் காட்டித்தான் உள்ள வந்தாரு. செத்தவருக்கு நல்ல பேரு எதுக்கு? பரிதி மண்ணு தள்ளிட்டு ராவே பஸ் ஏறிட்டான், திருப்பூர்ல பட்டினி கெடக்குறான். இங்க வேலை கெடைச்சா என் கூட இருப்பான். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் போன பிறகு சூசை திண்ணையில் உட்கார்ந்தான். மில்காரர்கள் கேட்டதை மறுக்க முடிந்தது. இதை எப்படி மறுப்பது? யாருக்காக அந்த உண்மையைக் காப்பாற்ற வேண்டுமோ அவன் மனைவியே வேண்டாம் என்கிறாள். அருள்செல்வி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "என்னங்க, நாம எதுக்குங்க ஊரைப் பகைச்சுக்கணும்? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

அவன் எழுந்து கோயிலுக்குப் போனான். சூசை பெரிய பக்திமான் ஒன்றுமில்லை. ஞாயிறு பூசைக்குப் பின்வாசலில், சைக்கிள்கள் பக்கம் நிற்கிற ஆள். அன்று நடுவில் போய் முழந்தாளிட்டான். ஜெபம் எதுவும் வரவில்லை. மேலே சிலுவையில் தொங்கியவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் மேடையில் விரலை நீட்டியிருக்கிறோமே, ஒருநாளாவது அவர் முகத்தைப் பார்த்தோமா என்று அப்போதுதான் தோன்றியது. பார்த்ததில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் கத்துவான். முகத்தைப் பார்த்தால் கத்த வராது என்று நாடகம் சொல்லிக்கொடுத்த அண்ணாவியாரே சொல்லியிருக்கிறார். கம்முனு நிக்கிறாரே என்று காத்தான் கேட்டானே, இன்றைக்கு அவனும்தான் கம்மென்று கிடக்கிறான். 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அவன் ஊதி ஊதிச் சேர்த்து வைத்த சாட்சி ஒரே ஒருவனிடம் இருக்கிறது. சூசைக்கு அழுகை பொங்கி வந்தது. கோயில் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதான்.

தஞ்சாவூரிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மில் ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். உள்ளே போனவர்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ரெஜின் வெளியே வந்தபோது சூசையைப் பார்த்துக் கைகூப்பினான். அந்தக் கும்பிடைத் தாண்டித்தான் சூசை உள்ளே போக வேண்டியிருந்தது.

"அவர் குடிச்சிருந்தாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க."

"எல்லாரும் வாடை அடிச்சுதுங்கிறாங்களே?"

"எம் முகத்துல ஊதிக் காட்டினாருங்க. பல்பொடி வாசனைதான் அடிச்சுது. மோட்டாரு ஓடிக்கிட்டு இருந்துச்சு. எப்பவுமே நாங்க நிறுத்துறதில்லீங்க. அது ரெஜின் தப்பு மட்டும் இல்ல. நிறுத்துன்னு நானும் சொல்லல. கயிறு கட்டுறவனைப் பாத்து நானும் சிரிச்சிருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

இவ்வளவையும் தணிந்த குரலில்தான் சொன்னான். விரலை நீட்டவில்லை.

மில்லுக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு யார் வீட்டிலும் புதுத்துணி இல்லை. மழை விட்டு வெயில் வந்தும் மோட்டார் சத்தமில்லாமல் ஊரே செவிடானதுபோல் கிடந்தது. அவ்வளவுக்கும் காரணம் சூசை. டீக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சு காலியாகும். கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ரெஜினை ஜெயிலில் போடவில்லை. ஸ்டேஷனுக்கு அலையவிட்டார்கள். அந்த அலைச்சலில் அவன் மனைவிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்த வீட்டில் சூசையின் பெயரை எடுக்க முடியாது. "அவன் பேரே பொய்ச்சாட்சி. அவன் பேச்சை நம்பி எழுதிட்டுப் போயிருக்காங்க" என்று அமிர்தலிங்கம் சொன்னாராம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. செல்லமாக இருந்த பெயர் வசவாக மாறியது.

தை மாதம் மில் திறந்தது. சூசைக்கு உள்ளே இடமில்லை. வழக்கு நடக்கும்போது தாயின் வாயை அடைத்து வைப்பது நல்லது என்று முதலாளி பரிதிக்கு வேலை கொடுத்தார். காத்தான் பார்த்த அதே வேலை. ஒருநாள் பாலத்தருகில் சூசை அவனை மறித்தான்.

"தம்பி, உங்கப்பன் ரெண்டு வருஷமா தொடல. அன்னிக்குக் காலையிலயும் ஊதிக் காட்டினான். உன்கிட்டச் சொல்லச் சொன்னான்."

பரிதி காத்தானைப்போலவே நெற்றியைச் சுருக்கினான். "மில்லுல எல்லாரும் குடிச்சிருந்தாருன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க நாடகத்துல நல்லா நடிப்பீங்களாமே" என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

சூசை பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை போனது, பேச்சு நின்றது எல்லாவற்றையும் தாங்கியவனுக்கு இது தாங்கவில்லை. சாட்சி சொல்லியாயிற்று. யாரிடம் சேர வேண்டுமோ அவனிடம் மட்டும் சேரவில்லை.

அந்த வருஷப் பாஸ்குக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டான். வேறு யாரோ அந்த வேஷத்தைக் கட்டினார்கள். சரியாகக் கத்தவில்லை என்று அருள்செல்வி வந்து சொன்னாள்.

இப்போது சூசை கூலிக்குப் போகிறான். கூலி இல்லாத நாளில் மில்லுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் மாடு மேய்க்கிறான். மில் சுவரை ஒட்டித்தான் ஈஸ்வரியின் வீடு. அவள் வாசலில் நெல் காயவைப்பதும் முறத்தோடு உட்கார்ந்திருப்பதும் தெரியும். நடுவே ரோடு மட்டும்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

இந்தக் குறுவைக்கும் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல் லாரி லாரியாக வந்தது. ஒரு முற்பகலில் மோட்டார் திடீரென்று நின்றது.

சூசை மாட்டை விட்டுவிட்டு எழுந்து நின்றான். காத்தானை நெல் இழுத்த நாளைத் தவிர, இத்தனை வருஷத்தில் சீசன் நடுவில் அந்தச் சத்தம் நின்று அவன் கேட்டதே இல்லை. பிறகுதான் உறைத்தது. யாரோ தொட்டிக்குள் இறங்குகிறார்கள். இறங்குமுன் நிறுத்தியிருக்கிறார்கள். வழக்குக்குப் பயந்தோ, இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயந்தோ, நிறுத்தியிருக்கிறார்கள். அவன் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

எதிரே ஈஸ்வரி முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து ரோட்டோரம் வந்து நின்றிருந்தாள். மில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். "எம் புள்ளதான் உள்ள இருக்கான்."

"மோட்டார நிறுத்திட்டாங்க தங்கச்சி" என்றான் சூசை. "பயப்படாத."

அவள் வீட்டுக்குள் போகவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவனும், மோட்டார் மறுபடி ஓடுகிறவரை நின்றுகொண்டிருந்தார்கள்.